அமெரிக்கக் கல்லூரி மகளிர் டெனிஸ் அணி: கொழும்பிலிருந்து போக நினைப்பவர்களுக்கு

சனிக்கிழமை காலையில் டெனிஸ் கோர்ட்டின் கம்பி வேலியோரம் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மாரில் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுவார்: "உங்கட மகள் ஸ்கொலர்ஷிப்பில அமெரிக்கா போனவ தானே, எந்த ஏஜென்ட்?" ஏஜென்ட்டால் கிடைத்ததல்ல, வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து நாங்களே அனுப்பிய மின்னஞ்சல்களால்தான் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அடுத்த கேள்வி, "எவ்வளவு கிடைச்சது?"

போன இடத்தில் அவள் விளையாடினாளா, யாரிடம் விளையாடினாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. மகளை மாதக்கணக்காகப் பேசி அழைத்த பயிற்றுநர், அவள் போய் இறங்குவதற்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தனக்குத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டுவந்தார். முதல் வருடம் முழுவதும் என் மகள் வேலியோரம் நின்று கைதட்டினாள். பிறகு வேறொரு கல்லூரிக்கு மாறி, அங்கே ஐந்தாம் இடத்தில் ஆடிப் படிப்பையும் முடித்தாள். அதனால் இந்த வழிகாட்டியில் பணத்தைவிட அணியைப் பற்றியும், அதை நடத்துகிறவர்களைப் பற்றியும்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே நம் பிள்ளைகள் தனித்தனியாகப் போட்டிக்குப் போய், தனியாக வென்று, தனியாகத் தோற்றுப் பழகியவர்கள். அங்கே டெனிஸ் ஓர் அணி விளையாட்டு. இரண்டு கல்லூரிகள் மோதும்போது முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒவ்வொன்றும் ஆறு கேம் கொண்ட ஒரே ஒரு செட். மூன்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. அது தீர்ந்தவுடன் மூன்றாவது ஆட்டத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், மூன்று செட்டில் இரண்டை எடுப்பவர் வென்றவர், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழு புள்ளி. நான்கை முதலில் எடுக்கும் அணி வென்றது.

டியூஸ், அதாவது 40-40, வந்தால் அடுத்த ஒரே பந்தில் கேம் முடிந்துவிடும். அட்வான்டேஜ் என்பது கிடையாது. சேர்விஸை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்று எதிரே நிற்பவர் தீர்மானிப்பார். பொறுமையாக இழுத்து ஆடிப் பழகிய கொழும்புப் பிள்ளைகளுக்கு இது முதலில் அநியாயமாகத் தெரியும். போவதற்கு ஆறு மாதம் முன்பே பயிற்சி ஆட்டங்களை இந்த முறையில் ஆட வையுங்கள்.

ஆறு ஒற்றையர் இடங்களையும் திறமை வரிசைப்படிதான் நிரப்ப வேண்டும். பலசாலியை ஆறாமிடத்தில் ஒளித்துவைத்துப் புள்ளி பறிக்க முடியாது. ஆகவே ஓர் அணியின் ஆறு பெயர்களைப் பார்த்தாலே யார் எங்கே நிற்கிறார்கள் என்பது வெளிச்சமாகிவிடும். இதைப் பிறகு பயன்படுத்துவோம்.

இன்னொன்று: பயிற்றுநர் கோர்ட்டுக்குள்ளேயே வருவார். புள்ளிகளுக்கு இடையில் வீராங்கனையின் பக்கத்தில் போய் நின்று பேசலாம். கனிஷ்ட போட்டிகளில் வாய் திறக்கக் கூடாத அப்பாவையும் கோச்சையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய மாற்றம். சிலருக்கு அது துணை, சிலருக்குத் தொல்லை. உங்கள் பிள்ளை எந்த வகை என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

எந்த மட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் மகளிர் டெனிஸ் அணிகள் 300 அளவில் இருக்கின்றன. நீண்ட காலம் ஓர் அணிக்கு எட்டு முழுப் புலமைப்பரிசில் என்பதே விதியாக இருந்தது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்றத் தீர்வு வந்து அதை மாற்றியது. அந்தத் தீர்வில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இப்போது புலமைப்பரிசில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, அணியின் ஆள் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு: பத்துப் பேர். சேராத கல்லூரிகள் பழைய கணக்கில் இருக்கின்றன. இரண்டாம் பிரிவில் ஆறு புலமைப்பரிசில், அதைப் பிரித்துப் பிரித்துப் பலருக்குக் கொடுக்கலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று பணம் இல்லை, படிப்புக்கும் குடும்ப நிலைமைக்கும் உதவி உண்டு. ஐவி லீக் எனப்படும் எட்டுக் கல்லூரிகளும் விளையாட்டுப் புலமைப்பரிசில் தருவதில்லை. என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பும், இரண்டு வருட ஜூனியர் கொலேஜ்களும் இதற்கு வெளியே இருக்கின்றன.

"முதல் பிரிவு" என்ற சொல்லில் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம். கல்யாண வீட்டில் சொல்ல நன்றாக இருக்கும். ஆனால் நல்ல இரண்டாம் பிரிவு அணி ஒன்று, பலவீனமான முதல் பிரிவு அணியை வெல்லக்கூடியது. பத்தாவது ஆளாக உட்கார்ந்திருப்பதைவிட நான்காவது ஆளாக ஆடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். மகளின் அப்பாவுக்கு இன்றும் இதில் உடன்பாடு இல்லை.

கல்லூரிக்குப் போனால் தொழில்முறை டெனிஸ் முடிந்தது என்று சொல்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் போதும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2014இலும் 2016இலும் தேசியக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்ற டேனியல் கொலின்ஸ், 2022 அவுஸ்திரேலிய ஓபன் இறுதிவரை போனார். அதே பல்கலைக்கழகத்தில் 2021இல் அதே பட்டத்தை வென்ற எமா நவாரோ, 2024 யூ.எஸ். ஓபன் அரையிறுதியில் ஆடினார்.

பயிற்றுநர் குழுவில் யார் யார்

கல்லூரி இணையத்தளத்தில் மகளிர் டெனிஸ் பக்கத்தைத் திறந்தால் வீராங்கனைகளின் படங்களுக்குக் கீழே ஒரு வரிசை இருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை. நீங்கள் வாசியுங்கள்.

தலைமைப் பயிற்றுநர்தான் ஆள் எடுப்பது, ஆறு பேரைத் தெரிவது, பணத்தைப் பங்கிடுவது எல்லாம். அவருக்குக் கீழே துணைத் தலைமைப் பயிற்றுநர் அல்லது உதவிப் பயிற்றுநர். நம் ஊர் வழக்கத்தில் உதவி என்றால் பந்து பொறுக்கிக் கொடுப்பவர் என்று நினைப்போம். அங்கே அப்படியில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளின் மின்னஞ்சலை முதலில் திறப்பவர் பெரும்பாலும் உதவிப் பயிற்றுநர்தான். தனிப் பயிற்சியில் கூட நின்று பந்தடிப்பவரும் அவரே. முன்பு சம்பளமில்லாத தன்னார்வப் பயிற்றுநர் என்று ஒரு பதவி இருந்தது. 2023இல் முதல் பிரிவில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இருப்பவருக்கு இப்போது சம்பளம் கொடுக்கலாம்.

உதவியாளரைக் கவனிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அவர் நாளைக்குத் தலைவராகலாம். மகளிர் கல்லூரி டெனிஸில் 20 தேசியப் பட்டங்களுடன் முன்னணியில் நிற்பது ஸ்டான்ஃபோர்ட். முதல் பத்தும் ஃப்ராங்க் பிரென்னன் காலத்தில், அடுத்த பத்தும் லீலே ஃபோரூட் காலத்தில். ஃபோரூட் அதற்கு முன் பிரென்னனிடம் உதவிப் பயிற்றுநராக இருந்தவர். ஆள் மாறியும் வீட்டுப் பழக்கம் மாறாத அணி அது. எல்லா இடமும் அப்படி இருக்காது என்பதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றோம்.

அப்புறம் பயிற்றுநர் அல்லாதவர்கள். அத்லெட்டிக் ட்ரெய்னர் என்பவர் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் அல்ல. காயம், கட்டு, ஐஸ், மீண்டும் ஆடலாமா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. உடற்பயிற்சிக்குத் தனியாக ஸ்ட்ரெங்த் கோச் உண்டு. படிப்பு ஆலோசகர், எந்தப் பாடத்தை எந்த நேரத்தில் எடுத்தால் பயிற்சியோடு மோதாது என்று பார்ப்பவர். கம்ப்ளையன்ஸ் அலுவலர் விதிகளைப் பார்ப்பவர். பரிசுப் பணம், விசா, வேலை பற்றிய சந்தேகத்தை அவரிடமே கேளுங்கள், சக வீராங்கனையிடம் கேட்காதீர்கள். இந்த ஆட்கள் டெனிஸுக்கென்று தனியாக இருக்கிறார்களா, நாலைந்து அணிகளுக்குப் பொதுவா என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். முழங்கால் வலித்த ஒரு வாரத்தில் அந்த வேறுபாடு தெரியும்.

தலைமைப் பயிற்றுநரின் குறிப்பை வாசிக்கும்போது மூன்று விஷயம் தேடுங்கள்: எத்தனை வருடமாக இருக்கிறார், அதற்கு முன் எங்கே எத்தனை வருடம் இருந்தார், அவருடைய உதவியாளர்கள் வருடாவருடம் மாறுகிறார்களா. மூன்றாவது கேள்விக்கு விடை பழைய வருடங்களின் பக்கத்தில் இருக்கும். நல்ல உதவியாளர் வேறிடத்தில் தலைவராகப் போவது இயல்பு. ஆனால் நான்கு வருடத்தில் நான்கு பேர் என்றால், சரி, அங்கே ஏதோ இருக்கிறது.

அணிப் பட்டியலை வாசிப்பது

ஒரு கொப்பி எடுங்கள். நான் கணினியில் அட்டவணை போட்டேன், பிறகு கொப்பிக்கே திரும்பினேன். கல்லூரிக்கு ஒரு பக்கம்.

முதலில் வீராங்கனைகளின் பெயர், எந்த வருடத்தில் படிக்கிறார்கள், எந்த நாடு என்பதை எழுதுங்கள். உங்கள் பிள்ளை 2027 ஓகஸ்டில் போவதாக இருந்தால், அப்போது யார் படிப்பு முடித்துப் போயிருப்பார்கள் என்று கோடு போடுங்கள். இரண்டு பேர் மட்டும் போகிற அணி இரண்டு பேரைத்தான் தேடும். ஐந்து பேர் போகிற அணி அவசரத்தில் இருக்கும். அவசரத்தில் இருக்கும் பயிற்றுநர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவார்.

அடுத்து நாடுகள். முதல் பிரிவு மகளிர் டெனிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள். ஆனால் பட்டியலில் பத்தும் ஒரே மாநிலத்துப் பெயர்களாக இருந்தால், அந்தப் பயிற்றுநருக்கு விசா, நேர வித்தியாசம், வெளிநாட்டுச் சான்றிதழ் எதிலும் பழக்கம் இருக்காது. செய்யமாட்டார் என்றில்லை, முதன்முதலில் உங்களோடு பழகுவார். மாறாக, ஒரே நாட்டிலிருந்து ஐந்து பேர் என்றால், அந்த நாட்டில் அவருக்கு ஒரு வழி இருக்கிறது என்று அர்த்தம். அது உங்கள் வழி இல்லை.

மூன்றாவது, யார் எங்கிருந்து வந்தார்கள். பள்ளியிலிருந்து நேரே வந்தவர்களா, வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களா? கல்லூரி மாற விரும்பும் வீராங்கனைகள் தங்கள் பெயரைப் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பட்டியல் இருக்கிறது. இப்போது மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் போய்விட்டது. அதனால் சில பயிற்றுநர்கள் 17 வயதுப் பிள்ளையை வளர்ப்பதைவிட, இருபது வயதில் தயாராக இருப்பவரை எடுக்கவே விரும்புகிறார்கள். முதலாம் ஆண்டு மாணவி ஒருவர்கூட ஆறு பேருக்குள் ஆடாத அணி என்றால் யோசியுங்கள்.

நான்காவதுதான் மெனக்கெட வேண்டியது. கடந்த வருடத்தின் ஆட்ட முடிவுகளை எடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒன்று முதல் ஆறு வரை யார் ஆடினார்கள் என்று இருக்கும். 4, 5, 6ஆம் இடங்களில் ஆடியவர்களின் பெயரை எடுத்து, அவர்களுடைய யூ.டி.ஆர். எண்ணை, அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணை, இணையத்தில் பாருங்கள். உங்கள் பிள்ளையின் எண் அவர்களுக்கு அருகில் இருந்தால் எழுதலாம். ஒன்றாம் இடத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம், பத்தாம் இடத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படவும் வேண்டாம். ஏழாம் எட்டாம் ஆள் வருடத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. எங்களுடைய முதல் கல்லூரியில் ஏழாவது ஆள் அந்தப் பருவம் முழுவதும் ஆடியது மூன்றே ஆட்டம். பக்கம் திறந்துதான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

இப்படி நாற்பது கல்லூரிகள் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மிஞ்சும். அது போதும்.

கொழும்பில் உங்கள் எண்ணை எப்படி உருவாக்குவது

அங்குள்ளவர்கள் இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். யூ.டி.ஆர். என்பது 1இலிருந்து 16.5 வரை, ஏற ஏற நல்லது. சர்வதேச டெனிஸ் சம்மேளனமான ஐ.டி.எஃப். நடத்தும் வேர்ல்ட் டெனிஸ் நம்பர் 40இலிருந்து 1 வரை, இறங்க இறங்க நல்லது. மின்னஞ்சலில் இரண்டையும் குழப்பி எழுதியவர்களை நான் அறிவேன்.

பாடசாலைகளுக்கு இடையிலான வெற்றிகளும் பத்திரிகையில் வந்த படமும் நமக்குப் பெருமை. அமெரிக்கப் பயிற்றுநருக்கு அவற்றால் ஒன்றும் விளங்காது. அவருக்கு விளங்குவது ஐ.டி.எஃப். கனிஷ்ட போட்டி. கொழும்பு 7, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இலங்கை டெனிஸ் சங்கத்தின் கோர்ட்டுகளில் அவற்றில் ஆரம்பத் தரமான ஜே30 போட்டிகள் நடந்திருக்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே வரும்போது விமான டிக்கெட் செலவில்லாமல் அவர்களோடு ஆடக் கிடைக்கும் வாய்ப்பு அது. முதல் சுற்றில் தோற்றாலும் பரவாயில்லை, பலமான ஒருவரிடம் 4-6, 5-7 என்று தோற்றதுகூட எண்ணில் நல்லபடியாகத்தான் பதியும். ஏனென்றால் வென்றதா தோற்றதா என்பதோடு, யாரிடம் எத்தனை கேம் எடுத்தீர்கள் என்பதையும் யூ.டி.ஆர். பார்க்கிறது. இதனாலேயே பலவீனமான போட்டிகளில் கோப்பை சேர்ப்பது வீண் வேலை.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கத்தின் கோர்ட்டுகள் களிமண் தரை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஏறக்குறைய எல்லாமே ஹார்ட் கோர்ட், வட மாநிலங்களில் குளிர்காலம் முழுவதும் கூரைக்குள். பந்து தாழ்ந்து, வேகமாக வரும். சறுக்கிப் போய் எடுக்க நேரமில்லை. இரட்டையருக்கு நெட்டில் நின்று ஆடத் தெரிந்திருக்க வேண்டும். கொழும்பில் பெண் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுப்பதே இல்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை. வாரத்தில் ஒரு நாளாவது ஹார்ட் கோர்ட் எங்கே கிடைத்தாலும் வாடகைக்கு எடுங்கள்.

வீடியோ

அழகான வீடியோ வேண்டாம். பின்னணியில் பாட்டு வேண்டவே வேண்டாம். பேஸ்லைனுக்குப் பின்னால், வேலியைவிட உயரமாக, கோர்ட் முழுவதும் தெரிகிற மாதிரிக் கைத்தொலைபேசியைக் கட்டுங்கள். மொட்டைமாடிக் கொடிக்குப் பயன்படுத்தும் நைலோன் கயிறே போதும். முதல் சில நிமிடங்களில் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், வொலி, சேர்விஸ். அதன் பிறகு வெட்டாத ஆட்டம், பத்து நிமிடமாவது. நல்ல பந்துகளை மட்டும் ஒட்டி அனுப்பினால் அனுபவமுள்ளவர் மூடிவிடுவார். தவறு செய்தபின் அவள் எப்படி நடக்கிறாள், அடுத்த பந்துக்கு எப்படித் தயாராகிறாள் என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

காலை 6.30க்கு எடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் மழை நிச்சயம், மற்ற மாதங்களில் பின்னேரம் பிள்ளை வியர்வையில் பாதியாகியிருப்பாள்.

மின்னஞ்சல்

பிள்ளையின் முகவரியிலிருந்து, பிள்ளையின் பெயரில், பிள்ளையின் ஆங்கிலத்தில் போக வேண்டும். அப்பா எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி மூன்று பந்தியில் பணிவு காட்டத் தேவையில்லை. பயிற்றுநரின் குடும்பப் பெயருக்கு முன்னால் "கோச்" என்று போட்டால் அதுவே மரியாதை. தலைவருக்கும் உதவியாளருக்கும் ஒன்றாக அனுப்புங்கள்.

தலைப்பு வரியில் பெயர், எந்த வருடம் சேரப்போகிறாள், இலங்கை, யூ.டி.ஆர். எண். உள்ளே ஏழெட்டு வரி: பாடசாலை, சாதாரண தரப் பெறுபேறு, படிக்க விரும்பும் துறை, அண்மையில் ஆடிய மூன்று நல்ல ஆட்டங்களின் ஸ்கோர் (தோல்வி உட்பட), வீடியோ இணைப்பு, வட்ஸ்அப் இலக்கம். ஒரு வரி அந்த அணியைப் பற்றி. "உங்கள் அணியில் அடுத்த வருடம் மூன்று பேர் படிப்பு முடிக்கிறார்கள் என்று பார்த்தேன்" என்பது போல. இந்த ஒரு வரிக்காகத்தான் அந்தக் கொப்பி.

பத்தாம் ஆண்டு முடிந்தபின் வரும் ஜூன் 15க்கு முன் முதல் பிரிவுப் பயிற்றுநர்கள் ஆள் சேர்ப்பது பற்றிப் பதில் எழுதக் கூடாது என்பது விதி. நீங்கள் எழுதலாம், அவர் மௌனமாக இருப்பார். அதை அவமதிப்பாக எடுக்காதீர்கள். அந்த நாளுக்குப் பிறகும் பதில் இல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்துப் புதிய ஸ்கோர் ஒன்றோடு மறுபடி எழுதுங்கள். எங்களுக்கு 31 மின்னஞ்சலுக்கு ஒன்பது பதில். அதில் ஐந்து, "இந்த வருடம் இடமில்லை."

ஏஜென்ட் பற்றி: நாங்களும் முதலில் ஒருவரிடம் போனோம். முற்பணம் வாங்கினார், பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு அனுப்பினார். அதில் மகளிர் டெனிஸே இல்லாத கல்லூரியும் இருந்தது. நல்லவர்களும் இருக்கலாம். ஆனால் கொப்பி வேலையை உங்களுக்காக வேறொருவர் செய்வது கடினம்.

தொலைபேசி

பதில் வந்து, பேசலாம் என்று சொன்னால், கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை தனியாகப் பேசட்டும். பக்கத்து அறையில் நீங்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு இருக்கலாம், நான் அப்படித்தான் இருந்தேன். இரண்டாவது அழைப்பில் பெற்றோரும் சேர்வது வழக்கம்.

பிள்ளை கேட்க வேண்டியவை: நான் வரும் வருடம் மொத்தம் எத்தனை பேர் புதிதாக வருகிறார்கள்? என்னை எந்த இடத்துக்கு நினைக்கிறீர்கள்? வெளியூர் ஆட்டங்களுக்கு எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போவீர்கள்? தனிப் பயிற்சி வாரத்தில் எத்தனை முறை, யாருடன்? கடந்த மூன்று வருடத்தில் படிப்பு முடியுமுன் அணியை விட்டவர்கள் யார், ஏன்? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் விதம், சொல்லும் விஷயத்தைவிட முக்கியம். எல்லாப் பழியையும் போன பிள்ளைகள் மேல் போடுபவரிடம் நம் பிள்ளையும் நாளைக்கு அப்படித்தான் இருப்பாள்.

பெற்றோர் கேட்க வேண்டியது ஒன்று: "நீங்கள் இங்கே இன்னும் எத்தனை வருடம் இருப்பீர்கள்?" கேட்பது மரியாதையா என்று தயங்க வேண்டாம். உறுதி தர முடியாது என்று நேர்மையாகச் சொல்பவர் நல்லவர். அப்புறம் அணியில் இருக்கும் இரண்டு வீராங்கனைகளோடு பேச இலக்கம் கேளுங்கள். அவர் தெரிவு செய்து தருபவர்களோடு மட்டுமல்ல, பட்டியலில் ஏழாவதாக இருப்பவரோடும் பேசுங்கள்.

போனை வைத்த பிறகு மகளிடம் கேளுங்கள்: இந்தக் கோச் நாளைக்கே போய்விட்டால், இந்த ஊரில், இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு இருப்பாயா?

கடதாசி வேலை

முதல் இரண்டு பிரிவுகளுக்கும் என்.சி.ஏ.ஏ.யின் தகுதி மையத்தில் பதிய வேண்டும். முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாட அலகுகள், அமெரிக்கக் கணக்கில் குறைந்தது 2.3 சராசரி. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகப் பாடங்கள் இதில் வரும். அதனால் சாதாரண தரத்தில் இந்தப் பாடங்களை "டெனிஸ் இருக்கிறதுதானே" என்று விட்டுவிடக் கூடாது. தகுதிக்கு எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுப் பரீட்சை தேவை என்ற விதி 2023இல் எடுக்கப்பட்டது. ஆனால் கல்லூரி தன் அனுமதிக்குக் கேட்கலாம். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையும் அப்படியே.

சான்றிதழ்கள் பத்தரமுல்லை, பெலவத்தையில் இருக்கும் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து எடுக்க வேண்டியவை. கடைசி மாதத்தில் ஓடாதீர்கள்.

கவனமாக இருக்க வேண்டியது காலக் கணக்கு. பாடசாலைப் படிப்பு முடிய வேண்டிய நாளிலிருந்து டெனிஸுக்குக் குறுகிய அவகாசம்தான் உண்டு. அதைத் தாண்டி வெளியே போட்டிகளில் ஆடிக்கொண்டு இருந்தால் கல்லூரியில் ஆடும் காலம் குறையலாம். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சை தள்ளிப்போகும், பெறுபேறு அதைவிடத் தள்ளிப்போகும், பிள்ளை சும்மா இருக்காமல் போட்டிகளுக்குப் போவாள். ஆகவே சாதாரண தரம் முடிந்த கையோடு உங்கள் பிள்ளையின் கணக்கு எந்தத் திகதியில் தொடங்குகிறது என்று தகுதி மையத்திடமும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலரிடமும் எழுத்தில் கேட்டு வையுங்கள். போட்டிகளில் பரிசுப் பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு, எப்போது, அந்தப் பயணத்துக்கு என்ன செலவு என்ற பற்றுச்சீட்டுகளோடு வையுங்கள். அந்த விதிகள் நீதிமன்றம்வரை போய் வருபவை, வருடாவருடம் பாருங்கள்.

கல்லூரி விண்ணப்பம் பற்றிய பொது ஆலோசனைக்குக் கொள்ளுப்பிட்டியில் ஃபுல்பிரைட் ஆணைக்குழு இருக்கிறது. டெனிஸ் விதி அவர்கள் வேலை அல்ல, மற்ற எல்லாவற்றுக்கும் நல்ல இடம்.

பணமும் விசாவும்

முன்பு நேஷனல் லெட்டர் ஒஃப் இன்டென்ட் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள். 2024 ஒக்டோபரில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கல்லூரியின் நிதியுதவி ஒப்பந்தம் நேரடியாக வரும். அதில் எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள். ஒரு வருடமா, நான்கு வருடமா? காயம் பட்டால்? பயிற்றுநர் மாறினால்? வாயால் சொன்னது எதுவும் தாளில் இல்லாவிட்டால் இல்லை.

"முழுப் புலமைப்பரிசில்" என்றால் பாடக் கட்டணம், அறை, உணவு, புத்தகம். விமான டிக்கெட், விசாக் கட்டணம், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டொலர் செவிஸ் கட்டணம் எல்லாம் நம் கையிலிருந்து. வெளிநாட்டு மாணவிக்கு அறை, உணவுக்கான பகுதியில் பொதுவாக 14 வீதம் வரி பிடிப்பார்கள். முதல் பருவத்தில் இந்தப் பில்லைக் கண்டு நான் கல்லூரிக்கே போன் எடுத்தேன். வீராங்கனைகள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று இப்போது கேள்விப்படுவீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் நம் பிள்ளை அதைத் தொட்டால் விசாவுக்கே ஆபத்து.

மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி அனுப்பியதும் காலி வீதியில் உள்ள தூதரகத்தில் நேர்முகத்துக்கு நேரம் எடுங்கள். அங்கே "டெனிஸ் ஆடப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாமல், என்ன படிக்கப் போகிறாள், ஏன் அந்தக் கல்லூரி என்று அவளே தெளிவாகச் சொல்ல வேண்டும். விசா கிடைத்தாலும் படிப்புத் தொடங்க 30 நாளுக்கு மேல் இருக்கும்போது உள்ளே போக முடியாது.

போன பிறகு

ராக்கெட்டும் உடையும் சப்பாத்தும் பெரும்பாலும் அணியே தரும். குளிர் ஜக்கெட்டும் அணி உடையில் வருமா என்று கேட்டுவிட்டுப் புறக்கோட்டைக்குப் போங்கள். நாங்கள் வாங்கிய இரண்டு ஜக்கெட்டும் அலுமாரியில் கிடந்தன. மிளகாய்த்தூளைத்தான் இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி வைக்கக் கூடாது, ஒரு நாள் ஓய்வு கட்டாயம். பயண நேரம் இந்தக் கணக்கில் வராது. இலையுதிர்காலத்தில் தனிநபர் போட்டிகள், ஜனவரியிலிருந்து மே வரை அணி ஆட்டங்கள். ஆகவே முதல் மூன்று மாதம் அவள் அழைத்து "எல்லாம் சுகம்" என்றால் அது உண்மையாக இருக்கலாம். பெப்ரவரியில், ஆறு பேர் பட்டியல் ஒட்டிய பிறகு, எப்படிப் பேசுகிறாள் என்று கேளுங்கள்.

ஆட்டங்களைக் கல்லூரிப் பக்கத்தில் நேரடியாகப் பார்க்கலாம். கிழக்கு மாநிலங்களில் நண்பகல் ஆட்டம் என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 10.30, மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 9.30. நடு மாநிலங்களில் மாலை ஐந்து மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை 4.30. முதலில் இரட்டையர், அது முக்கால் மணி நேரத்தில் முடியும். அதற்கும் ஒற்றையருக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, ஆறு கோர்ட்டுகளில் உங்கள் மகள் நிற்கும் கோர்ட்டின் கெமராவைத் தெரிவு செய்யுங்கள். ஐந்தாம் கோர்ட்டின் கெமரா மட்டும் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.